வாட்டாத தோல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத நினைத்தது ஒரு சோகக் கதை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், குமாசியில் செர்வாவின் சடைபின்னும் கடையில், பாதித் தலை பின்னியும் மீதித் தலை விரிந்தும் உட்கார்ந்திருந்தேன். பின்னிக்கொண்டிருந்த விரல்கள் சட்டென்று நின்றன. திரும்பிப் பார்த்தால் செர்வா இரண்டு கைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். விரல் மடிப்புகளெல்லாம் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

“வலிக்குதா?” என்றேன். இதைவிட அசட்டுக் கேள்வி இருக்க முடியாது.

“வலி பரவால்ல எழுத்தம்மா. அரிப்புதான் ஆளக் கொல்லுது. மாடு மாதிரி கதவு நெலையில கைய வச்சுத் தேய்ச்சுக்கறேன்.”

அந்த நிமிஷமே எனக்குள் இருக்கும் பேய் நோட்டுப் புத்தகத்தைத் தேடியது. அடுத்தவர் துன்பத்தில் முதல் வரியைத் துழாவுகிற பேய் அது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்குள்ளும் உண்டு. இல்லை என்பவர்கள் புளுகுகிறார்கள். பின்னல்காரிக்குக் கைக்கரப்பான், வாடிக்கைக்காரர்கள் விலகுகிறார்கள், கடை மூடுகிறது. படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். ஏதாவது பரிசுகூடக் கிடைக்கலாம். நாற்பது பக்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன நல்ல செய்தி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள். நேர்மைக்காக விட்டுவைக்கிறேன்.

“பின்னல்காரியின் விரல்களில் மழை பெய்துகொண்டிருந்தது, அந்த மழை—” [சகிக்கவில்லை.]

“மத்திய கானாவில், காடுகள் சூழ்ந்த குமாசி நகரம்—” [கதையா, பூகோளப் பாடமா?]

“இந்தக் கதை ஒரு பன்றிக்காதில் தொடங்குகிறது—” [உண்மையில் இதுதான் நல்ல தொடக்கம். ஆனால் இதில் வரும் கொனாடு என்ற பெண் ஏழாம் நாள் சபைக்காரி. பன்றி என்ற சொல்லையே வாயால் சொல்லக் கூசுகிறவள். முதல் வரியிலேயே அவள் மானத்தை வாங்க வேண்டாம் என்று விட்டேன். ஐந்தாம் பகுதியில் வாங்கிக்கொள்ளலாம்.]

3

செர்வாவுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது வருஷமாகத் தலைமுடியோடும் சாயத்தோடும் முடியை நேராக்கும் பசையோடும் புழங்கிய கைகள். கரப்பான் முதலில் மோதிர விரலில் வந்தது. சந்தையில் விற்கும் ஸ்டீராய்டுக் குழாய் மருந்தைத் தடவினாள். மூன்று நாளில் மாயமாய் மறைந்தது. நிறுத்தினால் இரட்டிப்பாக வந்தது. தடவத் தடவத் தோல் வெங்காயச் சருகாகிவிட்டது. தோல் மருத்துவர் லாரிபா ஒரே பார்வையில், “அந்தக் குழாயத் தூக்கிக் குப்பையில போடு” என்றார். போட்டாள். அதற்குப் பின்தான் கைகள் உண்மையிலேயே பற்றி எரியத் தொடங்கின.

வாடிக்கைக்காரிகள் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. “இன்னிக்கு வேல இருக்கு, அடுத்த வாரம் வரேன்” என்று போனவர்கள் எதிர்வரிசைக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். தொற்றும் என்ற பயம். தொற்றாது என்று சுவரில் எழுதி ஒட்டியா வைக்க முடியும்? டிசம்பர்தான் பின்னல்காரிகளின் அறுவடை மாதம். இன்னும் ஒரு டிசம்பர் இப்படிப் போனால் நாற்காலியையும் கண்ணாடியையும் எதிர்வரிசைக்காரியிடம் கொடுத்துவிட்டு அவித்த முட்டை விற்கப் போவதாகச் செர்வா முடிவு செய்திருந்தாள். சொல்லும்போது அழவில்லை. நான்தான் அதை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அவள் குடியிருக்கும் முற்றத்து வீட்டில், எதிர் அறையில் இருப்பவள் கொனாடு. பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆராய்ச்சி. ஈரநிலத்தில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து மஞ்சள் பொடி ஒன்றைப் பிரித்தெடுத்து, அதைத் தோல் வழியாக உள்ளே அனுப்பி அழற்சியை அடக்க முடியுமா என்பதுதான் அவள் நான்கு வருஷமாய்க் கேட்கும் கேள்வி.

(அடிக்குறிப்பு: இலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே உங்களில் நாலு பேர் அரைத்துப் பூசிக்கொண்டு என்னைத் திட்டுவீர்கள். அதுவும்போக, அது நான் கற்பனை செய்த இலை.)

கொனாடு என்ற பாத்திரத்தில் எனக்கே சந்தேகம் இருந்தது. எதற்கும் தாமதமாக வராதவள். ஆய்வுக்கூட அங்கியை இஸ்திரி போட்டு உடுத்துகிறவள். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் சனிக்கிழமை சூரியன் சாயும்வரை ஓய்வுநாள். பேனாவைக்கூடத் தொட மாட்டாள். இப்படி ஒரு குறையும் இல்லாத ஆளைக் கதையில் வைத்தால் யார் நம்புவார்கள்? நல்லவேளை, அவள் ஒரு தப்புச் செய்தாள்.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

நம் தோல் கறாரான காவல்காரன். மேலே இருக்கும் செத்த செல் அடுக்கு, காகிதத்தைவிட மெல்லிசு. ஆனால் உலகத்தில் உள்ள கண்டதையும் வெளியிலேயே நிறுத்துவது அதுதான். மருந்து எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அந்த வாசலைத் தாண்டாவிட்டால் வெறும் பூச்சு. அதனால் கொனாடு போன்றவர்கள் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நடுவில் ஒரு துண்டுத் தோலைப் பொருத்துவார்கள். மேலே களிம்பு, கீழே உப்புநீர். மணிக்கொருதரம் கீழே உள்ள நீரை எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியது என்று பார்ப்பார்கள். மனிதத் தோலுக்கு ரொம்ப நெருக்கமானது பன்றிக்காதின் தோல்.

கொனாடு பன்றிக்கறிக் கடைப் பக்கம் போவதை யாராவது சபை ஆள் பார்த்துவிட்டால்? ஆகவே கறிக்கடைக்கார அயம்காவிடம் போனில்தான் சொல்வாள்: “காது பன்னெண்டு. சுத்தமா இருக்கணும்.” அயம்கா கறுப்புப் பாலித்தீன் பையைத் தன் கடையின் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிடுவான். அவள் அதைப் பாம்பைத் தூக்குவதுபோல் கையை நீட்டித் தூக்கிப் போவாள்.

மஞ்சள் பொடியை ஷியா வெண்ணெயில் கரைத்துக் களிம்பாக்கியிருந்தாள். வடக்கே பெண்கள் ஷியா மரத்தின் கொட்டையை வறுத்து அரைத்துக் கடைந்து எடுக்கும் வெண்ணெய். பிறந்த குழந்தைமுதல் கிழவர்வரை எல்லோர் உடம்பிலும் ஏறியது. அதைவிட நல்ல வாகனம் ஏது? நான்கு மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மருந்து கீழே இறங்கிவிட்டது. அந்தத் துறையில் யாரும் கண்டிராத வேகம். அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் போவாஹென் ஷியா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுச் சுவரொட்டி அடித்தார். நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி கேட்டார். கிடைத்தது, தேதியும் குறித்தாயிற்று. டாக்டர் லாரிபா தன் நோயாளிகளிலிருந்து இருபத்துநாலு பேரைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வில் கொனாடுவுக்குப் பங்கில்லை. பட்டியலில் பதினேழாவது பெயர் செர்வா.

அன்று செர்வா எனக்குப் பின்னிய சடை கோணல்மாணலாக இருந்தது. சந்தோஷத்தில் கவனம் எங்கோ போய்விட்டது என்றாள்.

5

ஐந்தாம் பகுதி. வாக்குக் கொடுத்தபடி பன்றிக்காது.

(நான் அங்கே இல்லை. இருவரும் தனித்தனியே சொன்னதை ஒட்டுப்போட்டிருக்கிறேன். முரண்படும் இடத்தில் செர்வா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். கொனாடு சொன்னால் அறிக்கை மாதிரி இருக்கிறது.)

அந்த வெள்ளிக்கிழமை பை வருவதற்குள் நாலரை மணி. ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள். கொனாடு பையைக் கொண்டுவந்து செர்வா கடையின் ஃப்ரிட்ஜில், பாக்கெட் தண்ணீருக்குப் பின்னால் திணித்தாள். “ஞாயித்துக்கிழம எடுத்துக்கறேன்க்கா” என்று ஓடிவிட்டாள். பையில் என்ன என்று சொல்லவில்லை. சொல்லக் கூச்சம்.

சனிக்கிழமை சூரியன் சாய்ந்ததும், எதற்கும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று கடைக்கு வந்தாள். செர்வா ஃபுஃபு என்ற கிழங்குக் களியைச் சூப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என் பை இருக்கில்ல?”

“இருக்கே. பத்து இருக்கு.”

“பன்னெண்டு இருந்துச்சு.”

“ரெண்டு இங்க இருக்கு.” கிண்ணத்தைக் காட்டினாள். “நீ சாப்பிட மாட்டேன்னு தெரியும், அதான் உன்னக் கேக்கல. நீ யாருக்கோ வாங்கி வச்சிருக்கன்னு நெனச்சேன். எந்தப் பையனுக்குடி?”

“அக்கா! அது ஆராய்ச்சி!”

“நல்ல ஆராய்ச்சிதான். மொளகா கொஞ்சம் தூக்கல், அவ்ளோதான்.”

“வெளையாடாத. அதக் கழுவுனியா, சோப்பு கீப்பு போட்டியா, மிச்சத்தயும் தொட்டியா?”

“கழுவ என்ன இருக்கு? அயம்கா கை சுத்தம். நல்லா வாட்டி, முடியப் பொசுக்கி, கத்தியால வழவழன்னு சொரண்டி... எனக்கு வேலையே வைக்கல.”

கொனாடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “வாட்டியா?”

“பின்ன முடியோட திம்பாங்களா?”

“தீயிலயா வாட்டுவாங்க?”

“இல்ல, நெலா வெளிச்சத்துல. கேள்வியப் பாரு! இந்த ஊர்ல தீயில வாட்டாத பன்னிய எவன் விப்பான்? நீ பன்னிய பைபிள்ல மட்டும் பாத்தவ, உனக்கு எங்க தெரியப் போவுது.”

அதைக் கேட்டதும் கொனாடு எழுந்து ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அயம்காவின் கடைக்குள் முன்வாசல் வழியாகவே நுழைந்தாள். சனிக்கிழமைக் கூட்டம், புகை, பாட்டு. அயம்கா அவளைக் கண்டதும் மேல்துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக வந்தான்.

“நீங்க சுத்தமா வேணும்னு சொன்னீங்களே மேடம். மத்தவங்களுக்கு ஒரு தடவதான் வாட்டுவேன். உங்களுக்குன்னு ரெண்டு தடவ வாட்டி நாலு தடவ சொரண்டுவேன். ஏன், கொற ஏதாச்சும்?”

“ஒரு கொறையும் இல்லண்ணா” என்றாள். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், கண் கலங்கிவிட்டது.

(அயம்காவை வில்லனாக்கு, கதைக்கு வில்லன் வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். மாட்டேன். அவன் கேட்டதற்கு மேலேயே செய்தான். தோலைத் தோலாகப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறுத்தது கொனாடு. அவள் கண்ட பழுப்பு நிறம்தான் பன்றியின் நிறம் என்று இரண்டு மாதம் நம்பியிருந்தாள்.)

புரிந்திருக்கும். வாட்டியதில் காவல்காரன் செத்துவிட்டான். மீதியைக் கத்தி சுரண்டிவிட்டது. அந்த வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். வேகமான மருந்து என்று கொண்டாடியதெல்லாம் கதவில்லாத வீட்டுக்குள் நடந்து போனதுதான்.

திரும்பி வந்து இதைச் சொன்னபோது செர்வா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப என் மருந்து?”

“இல்லக்கா. இப்ப இல்ல.”

செர்வா கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். “நான் அதச் சாப்பிடாமயே இருந்திருக்கலாம்” என்றாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இந்த இடத்தில் இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

6

இங்கே நாலு பக்கம் இருந்தது. கொனாடு உண்மையை மறைத்துவிடலாமா என்று தவிக்கும் நாலு பக்கம்: சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, அனுமதி கிடைத்துவிட்டது, காது சூப்பாகிவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குப் பிடித்த பக்கங்கள். கையெழுத்துப் படியைப் படித்த கொனாடு அத்தனையிலும் குறுக்கே கோடு போட்டாள். “நான் ஒரு செகண்ட்கூட அப்படி நெனைக்கல. பொய் எழுதாதீங்க.”

நானும் எடுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து வாசலில் வந்து நின்றாள். “ஒரு மணி நேரம் நெனச்சேன்மா. போட்டுக்குங்க.”

ஆகவே போடுகிறேன்: ஒரு மணி நேரம். ஞாயிறு காலை, ஒன்பதிலிருந்து பத்துவரை. பத்து மணிக்குச் செர்வா துணி பிழிய முடியாமல் வாளியோடு முற்றத்தில் நிற்பதைப் பார்த்தாள். வாசல் தாண்டாத களிம்பை ஆறு வாரம் அந்தக் கையில் பூசிவிட்டு, ‘உனக்கு மருந்து கேட்கவில்லை, என்ன செய்வது’ என்று சொல்ல வேண்டிவரும். போய்த் துணியைப் பிழிந்து கொடுத்தாள். திங்கட்கிழமை பேராசிரியர் அறையில் எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டாள்.

போவாஹென் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், எதற்கும் பேச்சு நீளும் மனிதர். அன்று நீளவில்லை.

“இங்க பன்னிக்கறி சாப்பிடறவங்க கை தூக்குங்க.”

பதினொரு பேரில் ஒன்பது கை.

“ரெண்டு மாசமா கூடம் பூரா வாட்டின கறி வாசன. ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?”

“எனக்கு தெனம் பதினோரு மணிக்கே பசிச்சுது சார்” என்றார் ஒரு ஆய்வுக்கூட ஊழியர். “வயசாகுதுன்னு நெனச்சேன்.”

பேராசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எனக்கும்தான்” என்றார். பிறகு நாற்காலிமேல் ஏறித் தன் கையாலேயே சுவரொட்டியைக் கழற்றினார். சோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லி, அனுமதி கொடுத்த குழுவுக்குக் கடிதம் எழுதினார். காரணத்தை மறைக்காமல் எழுதினார். கொனாடுவை ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றி நாம் போதுமான அளவு கதை எழுதுவதில்லை என்பது என் புகார்.

7

அடுத்த காதுகள் வாட்டாமல், முடியோடு வந்தன. ஆனால் முடி இருந்தால் களிம்பு தோலில் படியாது. சவரக்கத்தி வைத்தால் தோல் கீறிவிடும். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அந்தக் கை வரவில்லை.

“கத்திரிய இப்படிக் குடு” என்றாள் செர்வா. பருத்தி உறைமேல் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, கைகள் எரிய எரிய, கடையின் நாற்காலியிலேயே வேலையை வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு காதுக்கும் தோலைத் தொடாமல் முடி வெட்டினாள். “எல்லாருக்கும் ஒரே மாதிரியா, இல்ல பக்கத்துல கொஞ்சம் ஏத்தி வெட்டணுமா? கல்யாணம் கில்யாணம் இருக்கா இவங்களுக்கு?” கொனாடு அந்தச் சனிக்கிழமை முதல் சிரிக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கண்ணாடிக் கிண்ணங்களில் அந்தத் தோலைப் பொருத்தி ஒரு முழு நாள் காத்திருந்தார்கள். தோலுக்குள்ளும் கீழேயும் இறங்கிய மருந்து: ஒன்றுமில்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

8

[இங்கே ஒரு கனவுக் காட்சி இருந்தது. கொனாடு தூங்கும்போது, மஞ்சள் ஆறு ஒன்று பனிமலையைத் தேடி—. கொனாடு எழுதிய குறிப்பு: “கனவு எதுவும் வரல. பதினாலு வாரம், முப்பத்தொரு கலவை. அத எழுதுங்க.”]

எழுதுகிறேன். பதினாலு வாரம். முப்பத்தொரு கலவை.

சிக்கல் ஷியாவில்தான் இருந்தது. நம்மூர் ஆட்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொல்வதென்றால், மஞ்சள் பொடி ஷியா வெண்ணெயில் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டது. வேளாவேளைக்குச் சாப்பாடு, மெத்தை, காற்றாடி. வெளியே கிளம்ப அதற்கென்ன தலையெழுத்தா? தோலுக்குள் போகச் சொன்னால் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. மருந்து நன்றாகக் கரையும் இடத்தில் வைத்தால் நல்லது என்று எல்லோரும் நினைத்தது தப்பு. அரைகுறையாக, நெருக்கிப் பிடித்து, எப்போதடா கிளம்புவோம் என்று இருக்கும்படி வைக்க வேண்டும்.

(இந்த உவமையைக் கொனாடு ஏற்றுக்கொண்டாள். “பேப்பர்ல இவ்ளோ தெளிவா நான் எழுதல” என்றாள். கதையில் நான் வாங்கிய ஒரே பாராட்டு, பதிவு செய்துகொள்கிறேன்.)

கஷ்டம் என்னவென்றால் திட்டத்தின் பெயரிலேயே ஷியா இருந்தது.

“சார், ஷியாவக் கொறைக்கணும்.”

“எவ்ளோ?”

“பத்துல ஒரு பங்கு வச்சுக்கலாம். மிச்சம் தண்ணியும் வேற சிலதும்.”

“தக்காளி இல்லாம ஜொலோஃப் சோறு ஆக்கச் சொல்றியா?”

“ஒரே ஒரு தக்காளி போடுவோம் சார்.”

அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தன் கையால் திட்டத்தின் பெயரை அடித்துவிட்டு வெறுமனே ‘களிம்பு’ என்று எழுதிக் கொடுத்தார்.

முப்பத்தொன்றாம் கலவை. செர்வா முடி வெட்டிய, வாட்டாத, கீறல் படாத தோல். இருபத்துநாலு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத் தோலுக்குள் இறங்கியிருந்தது. பழைய பொய்க் கணக்கோடு பார்த்தால் சொற்பம். ஆனால் அழற்சி குடியிருக்கும் அடுக்கிலேயே போய்த் தங்கியிருந்தது, ரத்தத்துக்குப் பதிலாகக் கீழே இருந்த உப்புநீருக்குள் ஓடவில்லை. ஐந்து முறை திருப்பிச் செய்தார்கள், ஐந்து முறையும் அதே கதை. கொனாடு, ஏழாம் நாள் சபையின் பாடற்குழுவில் நிமிர்ந்து நிற்கும் கொனாடு, ஆய்வுக்கூட முக்காலிமேல் ஏறி இடுப்பை ஆட்டி ஆடினாள். அந்தப் பதினோரு மணிப் பசிக்கார ஊழியர்தான் தாளம் போட்டார்.

9

சோதனை அக்டோபரில் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு டப்பா: வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. ஒன்றில் இலை மருந்து, இன்னொன்றில் அதே களிம்பு மருந்தில்லாமல். எது எதில் என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, கொனாடுவுக்கும் தெரியாது. முத்திரை வைத்த உறை குழுவின் அலமாரியில். ஆறு வாரம்.

முடிவு தெரியும் முன்னாலேயே எழுத்தாளர்கள் முடிவு எழுதுவார்கள். மூன்று எழுதினேன். மூன்றையும் கடையில் வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: இரண்டு கையும் ஆறவில்லை. செர்வா கடைக் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி— முடிக்க விடவில்லை. முடி காய வைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களும் கத்தினார்கள். “நாங்க வீட்ல அழறது பத்தாதா?” இருபது வருஷம் நான் சோகத்தை உயர்ந்த ரசனை என்று நம்பிக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு கட்டிய மூன்று பேர் ஒரு நிமிஷத்தில் தீர்த்துவைத்தார்கள்.

இரண்டாம் முடிவு: செர்வா கை தேய்க்கும் பழக்கத்தில் இரண்டு களிம்பையும் கலந்துவிடுகிறாள், இரண்டு கையும் குணம், எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. செர்வாவுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. “நான் அவ்ளோ கூமுட்டையா? ரெண்டு வாரமா ஒரு கை இன்னொரு கையத் தொடல, தெரியுமா? சபையில கைகூட தட்டல. தனித்தனியா தொடையில தட்டிக்கிட்டேன்!”

மூன்றாம் முடிவு: வலது கை குணம். “இது ஆகட்டும்” என்றாள். அவள் வேண்டிக்கொண்டதும் அதுதான். வலது கைதானே சீப்பைப் பிடிக்கிறது, வலது கைதானே வாடிக்கைக்காரிக்குக் கண்ணாடியை நீட்டுகிறது.

நடந்தது நாலாவது.

10

நவம்பர் கடைசி வாரம், மருத்துவமனைக் கூடம். இருபத்துநாலு பேர் பெஞ்சில். செர்வாவுக்குத் துணையாக நான். டாக்டர் லாரிபா மேசைக்கு அந்தப் பக்கம். முதல் ஆள் ஒரு மீன் வியாபாரி. வலது கையை நீட்டினார். வெடிப்பு அப்படியே இருந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார்.

“இன்னொரு கை?”

“அது வேண்டாம் டாக்டர். மரியாத இல்ல.”

“என்னது?”

“பெரியவங்க முன்னாடி எப்படி டாக்டர் இடது கைய...”

முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கையை டாக்டர் எழுந்துபோய் இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே நின்றார். இடது கைத் தோல் முழுசாக, வழுவழுவென்று இருந்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க” என்றார், கூடமே அதிரும்படி. “இன்னிக்கு இங்க இடது கைக்கு மன்னிப்பு கிடையாது! ரெண்டயும் நீட்டுங்க!”

அப்படியும் ஒவ்வொருவரும் “தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லித்தான் நீட்டினார்கள். பதினேழாவதாகச் செர்வா. வலது கை முன்னைக்குக் கொஞ்சம் தேவலை, ஆனால் விரலிடுக்கில் வெடிப்பு இருந்தது. இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. நாற்பது பக்கச் சோகக் கதை எழுதியபோது வராத அழுகை.

எல்லோரும் முடிந்தபின் குழுவிலிருந்து வந்தவர் உறையைப் பிரித்தார். இருபத்துநாலு பேரில் பத்தொன்பது பேருக்கு, இலை மருந்து பூசிய கை தெளிவாக ஆறியிருந்தது. மூன்று பேருக்கு இரண்டு கையும் ஒன்றுபோல். இரண்டு பேருக்கு மாறாக. பதினேழாம் எண், இலை மருந்து இருந்த டப்பா: இடது. கூடத்தில் எழுந்த கூச்சலில் காவல்காரர் ஓடிவந்துவிட்டார். கொனாடு தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டாள். வலது கைக்கும் அன்றே மருந்து டப்பா கொடுத்தார்கள்.

(அடிக்குறிப்பு: டிசம்பரில் செர்வா கடை வாசலில் கூடுதலாக இரண்டு பெஞ்சு போட வேண்டியிருந்தது. எனக்கே இடம் கிடைக்கவில்லை. எதிர்வரிசைக் கடையில் பின்னிக்கொண்டேன். இதைப் படித்தால்தான் அவளுக்குத் தெரியும்.)

பேராசிரியர் போவாஹென் கதவோரம் கோட்டும் டையுமாக நின்றுகொண்டிருந்தார். இடது கையால் தாள் நீட்டிய மாணவர்களை வெளியே அனுப்பி, மறுபடி கதவைத் தட்டி வரச் சொல்லும் மனிதர் அவர். செர்வா நேராக அவரிடம் நடந்து போனாள். வலது கையை, சேலை முந்தி போலப் போர்த்தியிருந்த தோள்துணிக்குள் விட்டுக்கொண்டாள். இடது கையை, கைகுலுக்க நீட்டுவதுபோல், அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். “தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லவில்லை. 

அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். மூன்றடி தள்ளி நின்றேன். எழுதியும் வைத்திருந்தேன், நல்ல பத்தி. கடையில் வாசித்தபோது செர்வா தாளைப் பிடுங்கி அந்தப் பத்தியை மட்டும் கிழித்துக்கொண்டாள்.

“அவரு என்ன செஞ்சாருன்னு எழுதுனா அது அவரு கதையாப் போயிடும். கை என்னோடது.”

ஆகவே அந்தக் கை இன்னும் நீட்டியபடிதான் இருக்கிறது. பிடித்துக் குலுக்க இன்னொரு இடது கை வேண்டும். உங்களுடையதைக் கொடுங்கள்.